பழியைத் தாங்கும் தலைமை

அரசியல் தலைவனுக்கு வேண்டிய பண்புகளாகத் தமிழ் அறநூல்கள் அறிவு, அஞ்சாமை, ஈகை, எளிமை, நடுவுநிலை எனப் பலவற்றைச் சொல்லியுள்ளன. திருக்குறளின் இறைமாட்சி, செங்கோன்மை ஆகிய அதிகாரங்கள் இவற்றை விரிவாகவே பேசுகின்றன. இப்பண்புகளுள் பெரும்பாலானவை ஆட்சி சீராக நடக்கும் காலத்திலேயே வெளிப்பட்டுவிடும். ஆனால் பொறுப்பேற்றல், அதாவது தன் ஆட்சியின்கீழ் நேர்ந்த தீங்குக்குத் தானே விடைசொல்ல முன்வருதல், தீங்கு நேர்ந்த பின்னரே தெரியவருவது. தன் கையால் செய்யாத, சில வேளைகளில் தன் பார்வைக்கே வராத தவற்றுக்கும் தலைவன் விடைசொல்லக் கடமைப்பட்டவனா என்பது எளிதில் தீர்க்கக்கூடிய வினா அன்று.

சிலப்பதிகாரம் இவ்வினாவை இரண்டு பாண்டியர்களைக் கொண்டு காட்டுகிறது. கண்ணகி உடைத்த சிலம்பிலிருந்து, அரசியின் சிலம்பில் இருந்த முத்துக்கு மாறாக, மாணிக்கப்பரல் தெறித்த அந்நொடியில், பொய் சொன்ன பொற்கொல்லனையோ வாளோங்கிய காவலனையோ தேடாமல், ஆராயாது கண்ணகியின் கணவனைக் கொல்லக் கட்டளையிட்ட குற்றம் தன்னுடையதே என ஏற்று உயிர்விட்டான் நெடுஞ்செழியன். அவனுக்குப்பின் கொற்கையிலிருந்து வந்த வெற்றிவேற்செழியனோ, கண்ணகியின் சினம் தணிய வேண்டிப் பொற்கொல்லர் ஆயிரவரைப் பலியிட்டான். முன்னவனின் முடிவைப் போற்றும் மேடைகளில் பின்னவனின் செயல் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை, பேசப்பட வேண்டும். அரியணையில் ஒருவன் ஏற்றுக்கொண்ட பழி, அடுத்தவன் காலத்தில் அதனுடன் தொடர்பே இல்லாத எளிய மக்களின் தலையில் இறக்கப்பட்டது.

பொறுப்பு என்பதைக் குறைந்தது மூவகையாகப் பிரித்துக்கொண்டால்தான் இன்றைய மக்களாட்சிக்கு இதைப் பொருத்திப் பார்க்க முடியும். சட்டத்தை மீறியவர் நீதிமன்றத்தின்முன் ஏற்பது குற்றப்பொறுப்பு. துறையின் செயல்களுக்கு அமைச்சர் சட்டமன்றத்திலோ நாடாளுமன்றத்திலோ விளக்கம் தருவது அமைச்சுப்பொறுப்பு. இவ்விரண்டும் கட்டாயப்படுத்தாத இடத்திலும் மனச்சான்று கேட்பது அறப்பொறுப்பு. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது என்று இந்திய அரசமைப்பின் 75(3)ஆம் உறுப்பு கூறுகிறது. ஆனால் துறையில் நேரும் தவற்றுக்காகத் தனியோர் அமைச்சர் விலகியாக வேண்டும் என்று அது எங்கும் கூறவில்லை. ஆகவே அவ்வாறு விலகுவது மரபையும் மனச்சான்றையும் சார்ந்தே நிற்கிறது.

அந்த மரபுக்கு இந்தியாவில் பெரும் சான்றாகக் கூறப்படுவது அரியலூரை ஒட்டி நிகழ்ந்தது. 1956 நவம்பர் 23 அன்று, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு ரயில், மருதையாற்றின் வெள்ளத்தில் வலுவிழந்திருந்த பாலத்தருகே கவிழ்ந்து, 140க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதே ஆண்டில் மகபூப்நகர் விபத்துக்குப்பின் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி விலக முன்வந்தபோது மறுத்துவிட்ட பிரதமர் நேரு, இம்முறை அதை ஏற்றார். விபத்துக்குச் சாஸ்திரி காரணம் என்பதால் அன்று, அரசமைப்பு நெறிக்கு முன்மாதிரியாக அமையும் என்பதாலேயே ஏற்பதாக நாடாளுமன்றத்தில் விளக்கினார். காரணம் வேறு, பொறுப்பு வேறு என்ற வேறுபாடு இவ்வளவு தெளிவாக அவையில் ஒலித்த தருணங்கள் மிகச் சில.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. அமைச்சர் விலகியதால் வலுவிழந்த பாலம் உறுதிபெற்றுவிடாது. துறையை நன்கறிந்தவர் போய்ப் புதியவர் வருவதால் சீரமைப்பு தாமதப்படவும் கூடும். சாஸ்திரியே 1957 பொதுத்தேர்தலுக்குப்பின் மீண்டும் அமைச்சரானார் என்பதால், விலகல் வெறும் சடங்கு என்று கருதுவோரும் உண்டு. இவற்றுள் வலுவானது முதல் வாதம். துயரத்தின் நடுவே பதவியை விட்டு ஒதுங்குவது சிலருக்குக் கடமையிலிருந்து தப்பும் வழியாகவும் அமைந்துவிடும் என்பது உண்மை. மீண்டும் பதவிக்கு வந்தது பற்றிய வாதம் அத்தனை வலுவுடையது அன்று. பொறுப்பேற்றல் தண்டனை அன்று. எனவே அதன் மதிப்பு எத்தனை மாதம் பதவியின்றி இருந்தார் என்பதைக் கொண்டு அளக்கப்படுவதும் அன்று.

முந்த்ரா விவகாரம் இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. ஆயுள் காப்பீட்டுக் கழகம் 1957இல் தொழிலதிபர் முந்த்ராவின் நிறுவனங்களில் ஏறத்தாழ 1.24 கோடி ரூபாயை முதலீடு செய்ததை விசாரித்த நீதிபதி சாக்ளா முன்னிலையில், அம்முதலீட்டுக்குத் தாம் ஒப்புதல் தரவில்லை என்று நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி கூறினார். நிதித்துறைச் செயலாளரின் செயலுக்கு அமைச்சரே பொறுப்பு என்று நீதிபதி முடிவு செய்த பின்னர், 1958 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். இரண்டு நிகழ்வுகளிலும் பதவி போயிற்று. ஒன்றில் பொறுப்பு தானாக ஏற்கப்பட்டது, மற்றொன்றில் விசாரணை அதைச் சுமத்தியது. எனினும் பிந்தைய நிகழ்வில் மக்களுக்குக் கிடைத்த நன்மை சிறிதன்று. விசாரணை வெளிப்படையாக நடந்தது. அமைச்சரும் செயலாளரும் பொதுமக்கள் முன்னிலையில் சாட்சியம் அளித்தனர்.

ஆகவே பதவி விலகலை மட்டும் கொண்டு நல்ல தலைமையை அளப்பது போதாது. பழி கீழ்நோக்கி வழிய விடாமல் தடுப்பதும், தன்மீதான விசாரணைக்குத் தானே வழிதிறப்பதும் அதனினும் கடினமானவை. இன்று ஒரு பெருந்துயரம் நேர்ந்தால் மாலைக்குள் வருவது இழப்பீட்டு அறிவிப்பும், களத்தில் நின்ற காவல் ஆய்வாளரையோ கிராம நிர்வாக அலுவலரையோ பணியிடை நீக்கம் செய்யும் உத்தரவும்தான். அவர்களிடமும் தவறு இருக்கலாம். ஆனால் ஆள் பற்றாக்குறையும் ஒதுக்கப்படாத நிதியும் கிடப்பில் போடப்பட்ட எச்சரிக்கைக் கடிதமும் அவர்கள் மேசையில் தோன்றியவை அல்ல. உயர்மட்டத்தின் முடிவுகள் ஆராயப்படும் முன்பே கடைநிலை ஊழியரைத் தண்டிக்கும் ஆட்சி வெற்றிவேற்செழியனின் வழியையே பின்பற்றுகிறது.

அத்தகைய முடிவுகளை ஆராய அமைக்கப்படும் விசாரணை ஆணையம் அறிக்கை அளித்த ஆறு மாதங்களுக்குள், எடுத்த நடவடிக்கை பற்றிய குறிப்புடன் அதை அவையின்முன் வைக்க வேண்டும் என்று 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டம் கூறுகிறது. வாக்குக் கேட்டு வரும் ஒவ்வொரு தலைவரிடமும், தம் ஆட்சியில் அமைத்த ஆணையங்களின் அறிக்கைகளை அந்தக் காலக்கெடுவுக்குள் அவையில் வைத்தாரா என்று வாக்காளர்கள் கேட்க வேண்டும்.