சைக்கிளில் போனால் புண்ணியம் குறையுமா?

பிரயாகைக்கு எருதின் மேல் ஏறிப் போகிறவனுக்கு நரகம் என்கிறது மச்ச புராணம். அவன் வார்க்கும் நீரை முன்னோர்கள் ஏற்பதில்லை. செல்வச் செருக்காலோ மதிமயக்கத்தாலோ வாகனத்தில் போகிறவனுக்கு யாத்திரைப் பலனே கிடையாது, ஆகவே வாகனத்தைத் தவிர்க்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. மும்பையில் வாழ்ந்து 1963இல் பாரத ரத்னா பெற்ற பாண்டுரங்க வாமன் காணே, தம் ‘தர்மசாஸ்திர வரலாறு’ நூலின் 4ஆம் தொகுதியில் தீர்த்தயாத்திரை பற்றிய இத்தகைய விதிகளை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வாகனம், செருப்பு, குடை என்று உடம்புக்கு இதமான ஒவ்வொன்றுக்கும் புண்ணியத்தில் கழிவு உண்டு என்று நம்பிய காலம் அது.

சைக்கிளைப் பற்றி அந்த நூல்கள் எதுவும் சொல்லவில்லை, சொல்லியிருக்கவும் முடியாது. இன்றோ நாசிக்கிலிருந்து பண்டரிபுரத்துக்குச் சைக்கிள் வாரி (யாத்திரை) போகிறார்கள். தமிழ்நாட்டில் வேளாங்கண்ணிக்கும் சபரிமலைக்கும் சைக்கிள் மிதித்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்குக் கிடைப்பது முழுப் பலனா, பாதிப் பலனா?

மும்பைக்கு அருகே உள்ள உல்லாஸ்நகரில் வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டால் அதற்குத் தனிக் கனம் வந்துவிடுகிறது. இரண்டாம் உலகப் போரில் படைவீரர்கள் தங்குவதற்காகக் கல்யாண் அருகே போட்ட முகாம்களில், பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் குடியேற்றப்பட்டார்கள். 8 ஆகஸ்ட் 1949 அன்று அந்த இடத்துக்கு உல்லாஸ்நகர் என்ற பெயர் வந்தபோது அங்கே நின்றவர் கவர்னர் ஜெனரல் ராஜாஜி. இன்றும் ஊரார் விலாசம் சொல்வது கேம்ப் எண்ணை வைத்துத்தான். சுமார் 13 சதுர கிலோமீட்டருக்குள் 2011 கணக்கெடுப்பின்படி 5,06,098 பேர். ஜீன்ஸ் தையல், நாற்காலி மேசைக் கடைகள், ரிக்‌ஷா ஹாரன் என்று நாள் முழுவதும் இரைச்சல் அடங்காத ஊர்.

ஆகவே இங்கே சைக்கிள் வைத்திருப்பவர்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுகிறார்கள். ஷஹாட் பாலம் தாண்டி முர்பாட் சாலை பிடித்தால் மாரள், காம்பா, ராயதேயில் உல்லாஸ் ஆற்றுப் பாலம், பிறகு கோவேலி. இடப்பக்கம் திரும்பினால் டிட்வாலா கணபதி. நேரே போனால் முர்பாட், அதற்கும் அப்பால் மாள்சேஜ் கணவாய். பக்கத்திலேயே நானேகாட். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சாதவாகனர் காலத்தில் கல்யாண் துறைமுகச் சரக்கு ஜுன்னர் பக்கம் ஏறிய மலைப்பாதை அது. ஜுன்னரைச் சுற்றிய பௌத்தக் குகைகளின் துறவிகளும் கால்நடையாகப் போய்வந்த மண் இது.

கோயில்தான் இலக்கு என்றால் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 1060இல் சிலாஹார மன்னர் காலத்தில் கட்டிய அம்பர்நாத் சிவன் கோயில் ஐந்தாம் நம்பர் கேம்ப்புக்குக் கூப்பிடு தூரம். ஷஹாடிலேயே பண்டரிபுரத்துத் தெய்வமான விட்டலனுக்குப் பெரிய கோயில் இருக்கிறது. வாசலில் இருக்கும் தெய்வத்தைக் கடந்து அறுபது, எண்பது கிலோமீட்டர் மிதிக்கிறவர்கள் தேடிப் போவது வழியைத்தான். வழியே வழிபாடு ஆக முடியுமா என்பதுதான் பலன் கணக்குக்கு அடியில் கிடக்கும் கேள்வி.

பழைய விதி எதைக் காக்க வந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். மச்ச புராணம் பிரயாகைக்கு எருதைத்தான் குறிப்பாக விலக்குகிறது. ஒரு வாயில்லா ஜீவன் வதைபட, அதன் முதுகில் உட்கார்ந்து எவன் புண்ணியம் தேடுகிறானோ அவனுக்குத்தான் நரகம். அடுத்த விதி பணச் செருக்கைக் கண்டிக்கிறது. இரண்டிலும் குற்றம் ஒன்றே: பிறர் உழைப்பில் தான் போவது. சைக்கிளை நகர்த்துவதோ ஏறியிருப்பவரின் தொடைதான். ஏற்றம் வந்தால் அவர்தான் மூச்சு வாங்குகிறார்.

இந்த வாதத்துக்குச் சான்று தேடி வடக்கே போக வேண்டியதில்லை. சேக்கிழாரின் பெரியபுராணத்தில் கயிலைக்குப் போனவர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். காரைக்கால் அம்மையார் அந்த மண்ணைக் காலால் மிதிக்க அஞ்சித் தலையால் போனார். அப்பர் கால் தேய நடந்து, கை தேயத் தவழ்ந்து, மார்பு தேய ஊர்ந்து, கடைசியில் புரண்டும் பார்த்தார். கயிலை எட்டவில்லை; குளத்தில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார், அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது. சுந்தரரோ வெள்ளை யானை மேல் போனார், சேரமான் பெருமாள் குதிரையில் போனார். இவர்களில் யாருக்கும் பலன் குறைந்ததாகச் சேக்கிழார் எழுதவில்லை. வலி கூடினால் அருள் கூடும் என்ற கணக்கு அவரிடம் இல்லை.

ஆனால் அவர் வேறொன்றைக் காட்டுகிறார். தந்தையின் தோளில் பயணம் செய்த சிறுவன் ஞானசம்பந்தர், அதையும் விட்டு நடக்கத் தொடங்கியபோது, திருநெல்வாயில் அரத்துறையில் இறைவனே முத்துச் சிவிகை தருகிறார். வாகனத்தைக் கடவுளே கொடுத்துவிட்டார். இனி யார் கேட்க முடியும்? பின்னால் ஒருநாள் அந்தச் சிவிகை திருப்பூந்துருத்தியை நெருங்கும்போது, அப்பர் எங்கே இருக்கிறார் என்று சம்பந்தர் கேட்கிறார். பதில் சிவிகைக்குக் கீழிருந்து வருகிறது. கூட்டத்தோடு கூட்டமாக அப்பர் அதைச் சுமந்துகொண்டிருக்கிறார். பதறிக் கீழே குதித்து வணங்குகிறார் சம்பந்தர்.

யாத்திரை தர்மத்தின் சாரம் முழுவதும் அந்த ஒரு குதிப்பில் இருக்கிறது. இறைவன் தந்த வாகனமாகவே இருந்தாலும், தன்னைத் தாங்குகிறவன் யார் என்று தெரிந்த கணம் அதில் உட்கார்ந்திருக்க முடியாது. வாகனத்தின் நன்மை தீமையை அளக்க இதைவிட நேர்மையான அளவுகோல் தமிழில் இல்லை.

அந்த அளவுகோலில் சைக்கிள் எளிதாகத் தேறிவிடும் என்று தோன்றலாம். சமணத் துறவிகள் அதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கல்யாண், பிவண்டி பக்கத்து நெடுஞ்சாலைகளில் வெள்ளை ஆடையோடு வெறுங்காலில் நடந்து போகும் அவர்களை மும்பைவாசிகள் பலரும் பார்த்திருப்பார்கள். எந்த வாகனத்திலும் ஏறுவதில்லை; சைக்கிளும் விதிவிலக்கல்ல. அடி எடுத்து வைக்கும் இடத்தில் உயிர் இருக்கிறதா என்று பார்த்து வைக்க வேண்டும். உருளும் சக்கரத்தால் அது முடியாது. மழைக்காலத்து நான்கு மாதம் அவர்கள் நடப்பதையும் நிறுத்தி ஒரே ஊரில் தங்கிவிடுகிறார்கள், பூமியெங்கும் சிற்றுயிர்கள் பெருகும் காலம் என்பதால்.

மாள்சேஜ் சாலையை மும்பை சைக்கிள்காரர்கள் மிகவும் விரும்புவது அதே நான்கு மாதத்தில்தான். அருவிகள் பாறையில் விழ, மேகம் சாலைக்கே இறங்கிவிடும். அதே சாலையைத் தவளையும் நண்டும் மண்புழுவும் கடக்கின்றன. சமணம் கேட்பது வாய்ச் சண்டைக்கான கேள்வி அல்ல. வேகம் கூடக் கூட, நாம் யார் மேல் ஏறிப் போகிறோம் என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அந்தச் சமணத்திலேயே தேராபந்த் பிரிவின் ஆச்சாரிய துளசி, அறம் தொலைநாடுகளுக்கும் போக வேண்டும் என்று 1980இல் வாகனத்தில் பயணிக்க இசைவுள்ள சமணி அணியை உருவாக்கினார். விலையை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, காரணம் சொல்லி, ஒரு கதவு திறக்கப்பட்டது. சைக்கிள் யாத்திரிகரும் அந்த நேர்மையோடுதான் சேணத்தில் உட்கார வேண்டும்.

இதே விவாதம் சைக்கிளின் தாய்வீடான பிரான்சில் இயந்திரத்துக்கு உள்ளேயே நடந்தது. செயின்ட் எத்தியென் ஊரில் வாழ்ந்த பால் த விவி (1853–1930), வெலோசியோ என்ற புனைபெயரில் ‘சைக்கிள்காரன்’ என்ற இதழை நடத்தியவர், காய்கறி உணவுக்காரர், கிராமச் சாலைகளில் நாள் கணக்கில் சுற்றியவர். மலை ஏறுவதற்குப் பல கியர் வேண்டும் என்று வாதாடினார். டூர் த பிரான்ஸ் பந்தயத்தின் நிறுவனர் ஆன்றி தெகிராஞ்ஜ் மறுத்தார்: கியர் பலவீனருக்கு, வீரனுக்குத் தசை போதும். கியர் மாற்றியை அந்தப் பந்தயம் அனுமதித்தது 1937இல்தான். செருப்பணிந்தால் பலன் குறையும் என்ற நம் நூல்களின் குரல்தான் அங்கே தெகிராஞ்ஜின் வாயில் கேட்டது. வெலோசியோ சைக்கிள்காரர்களுக்கு ஏழு அறிவுரைகள் விட்டுப் போனார். பசிக்கு முன் சாப்பிடுவது, களைப்புக்கு முன் இளைப்பாறுவது பற்றியெல்லாம் சொன்னவர், தற்பெருமைக்காக மிதிக்காதே என்றும் சேர்த்தார். உடம்பை வதைப்பதைத் தவம் என்று அவர் நம்பவில்லை. செருக்கைத்தான் விலக்கினார், மச்ச புராணத்தைப் போலவே.

திருச்சபையும் பின்னால் வந்து சேர்ந்தது. உல்லாஸ்நகருக்குப் பெயர் சூட்டிய அதே 1949இல், அக்டோபர் 13 அன்று, இத்தாலியின் கிசல்லோ மலைக் கோயிலின் மாதாவைச் சைக்கிள்காரர்களின் காவல் அன்னையாகப் போப் பன்னிரண்டாம் பயஸ் அறிவித்தார். பத்தாண்டு கழித்து 1959இல், பிரான்சின் தென்மேற்கே லாந்து பகுதியில், லபாஸ்தீட் தார்மாஞாக் என்ற சிற்றூருக்கு வெளியே இடிந்து கிடந்த ஒரு சிற்றாலயத்தைச் சைக்கிள்காரர்களின் மாதா கோயிலாக எழுப்பினார் ஜோசப் மாஸி என்ற பாதிரியார். உள்ளே சுவரெங்கும் வீரர்கள் காணிக்கையாகத் தந்த பந்தயச் சட்டைகள் தொங்குகின்றன. அதைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்களுக்கும் பைன் காடுகளுக்கும் இடையே ஓடும் சின்னச் சாலைகளில் நெடுநேரம் ஒரு காரைக்கூடப் பார்க்காமல் மிதிக்கலாம். பத்து லட்சம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பிரெஞ்சுச் சாலைகளில் பெரும்பகுதி இப்படி மாவட்டங்களும் கிராமங்களும் பராமரிக்கும் சிறு சாலைகள்தான்.

அமைதி என்றால் அந்த வெறுமைதானா? ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பாதுகைகளோடும், தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளோடும் ஆண்டுதோறும் பண்டரிபுரம் போகும் வாரியைப் பாருங்கள். ஏறத்தாழ மூன்று வாரம், லட்சக்கணக்கானோர், தாளமும் மிருதங்கமும் அபங்கப் பாடல்களும் ஓயாத நடை. ஓசைக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அங்கே நடப்பவர் பின்னால் வருபவரோடு பேச முடிகிறது, பாட்டில் சேர முடிகிறது. மனிதக் குரலை மனிதக் குரலே மூடுகிறது; இயந்திரம் மூடுவதில்லை. யாத்திரைக்கு வேண்டிய அமைதி அதுதான். ஆளில்லாத சாலை தேவையில்லை, அடுத்தவர் குரல் காதில் விழும் சாலை போதும்.

முர்பாட் சாலையில் அந்தக் குரல்கள் இருக்கின்றன. காத்கரி, டாக்கூர் ஆதிவாசிப் பெண்கள் தலையில் சுள்ளிக்கட்டோடு வருகிறார்கள். பால் கேன் கட்டிய சைக்கிள்கள் வருகின்றன. விரும்பி மிதிப்பவரின் களைப்பு தவம் என்றால், வேறு வழியில்லாமல் சுமப்பவரின் களைப்பை என்னவென்று சொல்வது? பூந்துருத்தியின் கேள்வி இங்கே திரும்ப எழுகிறது: கீழே தாங்குவது யார்? காலை யாத்திரை முடித்து அதே ஆட்கள் மாலையில் காரில் ஏறி, அதே பெண்ணை ஹாரன் அடித்துச் சேற்றில் இறக்கிவிட்டால், விடியற்காலையில் சேர்த்த பலன் எதுவும் மிஞ்சாது. சைக்கிள் தரும் பலன் கால்வலியில் இல்லை. சுமப்பவர் கண்ணும் மிதிப்பவர் கண்ணும் ஒரே உயரத்தில் சந்திப்பதில் இருக்கிறது. சந்தித்த பின் சும்மா இருக்க முடியாமல் போவதில் இருக்கிறது.

அப்படிச் சும்மா இருக்காமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பண்டரிபுரத்துக்குப் போகும் ஞானேஸ்வரர், துக்காராம் பால்கி மார்க்கங்களை (பல்லக்குப் பாதைகளை) நால்வழிச் சாலைகளாக்க 8 நவம்பர் 2021 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டியபோது, இருபுறமும் வாரிக்காரர்கள் நடப்பதற்கென்றே தனிப் பாதை அமையும் என்று திட்டத்தில் சேர்த்தார்கள். நடப்பவருக்கு இடம் விடுவது சாலை போடுபவரின் கடமை என்று அரசே ஒப்புக்கொண்டதற்கு அது சான்று. கல்யாணிலிருந்து முர்பாட் வரைக்கும் அந்தக் கடமையை நீட்டச் சொல்லிக் கேட்கலாம். சுள்ளி சுமப்பவளும், பால்காரரும், வெறுங்காலில் நடக்கும் சமணத் துறவியும், டிட்வாலாவுக்குச் சைக்கிளில் போகும் உல்லாஸ்நகர்க்காரரும் லாரிக்கு ஒதுங்காமல் போக ஓர் ஓரப்பாதை வேண்டும் என்று கேட்க வேண்டியவர்களில், விடியற்காலையில் அந்தச் சாலையின் அமைதியை அனுபவித்தவர்களுக்கே முதல் பொறுப்பு.