கல்லுக்கு அழுவது

சுவிஸில் பாசல் நகரத்துக்குக் கிட்ட பூபன்டோர்ஃப் என்றொரு சிறிய ஊர் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டில் அங்கே ஆப்கானிஸ்தானுக்கென்று ஒரு அருங்காட்சியகம் திறந்தார்கள். 'புகலிடத்தில் உள்ள அருங்காட்சியகம்' என்பதே அதற்கு வைத்த பெயர். உள்நாட்டு யுத்தத்தில் அழிந்துபோகக்கூடிய பழம்பொருட்களை ஆப்கானியர்களும் மற்றவர்களும் அங்கே கொண்டுவந்து ஒப்படைத்தார்கள். நாடு ஓரளவு பாதுகாப்பானது என்று கருதப்பட்ட பிறகு, 2007 இல், 1,400 க்கு மேற்பட்ட பொருட்கள் மரியாதையோடு காபூலுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன.

இதை நான் வாசித்தபோது என்னிடம் இருந்தது எஃப் காட். தற்காலிகமாக அனுமதிக்கப்பட்டவர் என்று அதில் எழுதியிருக்கும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஆகவே எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். ஒரு மண்பானைக்கு வழக்கறிஞர் தேவையில்லை. 'எந்தத் திகதி, எந்தப் பாதையால் வந்தாய்' என்று அதை யாரும் மூன்று மணித்தியாலம் விசாரிப்பதில்லை. ஆனால் பொறாமை ஒரு கருத்தாகிவிடாது. மனிதர்கள் அழியும்போது கல்லுக்கும் ஏட்டுக்கும் அழுவது நியாயமா என்ற கேள்வி அதற்குள் இருந்தது. எங்கள் ஆட்களிடையேயும் அடிக்கடி வருகிற கேள்விதான். 2009 இல் முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு, யாழ் பல்கலைக்கழகத்தில் நான் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விடுவதற்கு முன், விடுதி விறாந்தையில் இதைக் கேட்காதவர்கள் இல்லை. 'சனம் செத்துக் கிடக்குது, நீங்கள் கோயில் சிற்பம் பற்றிக் கட்டுரை எழுதுறியள்' என்று ஒரு அண்ணன் கத்தியது இன்னும் காதில் நிற்கிறது.

பாமியானை எடுத்துக்கொள்கிறேன். மலைச்சரிவில் குடைந்து நிறுத்திய இரண்டு புத்தர்கள். பெரியது 55 மீற்றர், சிறியது 38 மீற்றர். ஆறாம் நூற்றாண்டளவில் தொடங்கிய வேலை. ஏழாம் நூற்றாண்டில் சீன யாத்திரிகர் யுவான் சுவாங் அவற்றைப் பார்த்து எழுதியிருக்கிறார். 2001 பெப்ரவரி 26 அன்று முல்லா ஓமர் கட்டளை பிறப்பித்தார். மார்ச் மாதத்தில் பீரங்கியாலும் பின்னர் வெடிமருந்தாலும் உடைத்தார்கள். அது ஒரு நாளில் முடிந்த வேலையல்ல. உள்ளூர் ஹசாரா ஆண்களைப் பிடித்து, கயிற்றில் இறக்கி, சிலையின் உடம்பில் வெடிமருந்து வைக்கச் செய்தார்கள். அப்படி இறக்கப்பட்டவர்கள் பின்னாளில் சாட்சியம் சொல்லியிருக்கிறார்கள்.

இவை உலகம் அறிந்தவை. அதே வருடம் ஜனவரியில், அதே பாமியான் மாகாணத்தின் யகாவ்லாங்கில், தலிபான்கள் ஹசாரா மக்களைப் பிடித்துச் சுட்டார்கள். குறைந்தது 170 பேர் என்று மனித உரிமைக் கண்காணிப்பகம் அப்போதே அறிக்கை வெளியிட்டது. சிலை உடைவதற்கு இரண்டு மாதத்துக்கு முன் நடந்தது அது. புத்தருக்காகத் தந்தியடித்த அரசுகளில் எத்தனை யகாவ்லாங்குக்காக வாய் திறந்தன?

இப்படிக் கேட்டுவிட்டு நிறுத்தினால் வாசிப்பவருக்கு நெஞ்சு நிறையும், எனக்கும் நிறையும். ஆனால் இதே கேள்வியை உடைத்தவர்களும் கேட்டார்கள். 2001 மார்ச்சில் அமெரிக்காவுக்குச் சென்ற தலிபான்களின் தூதர், எங்கள் குழந்தைகள் பசியால் சாகும்போது சிலைக்குப் பணம் தர வருகிறார்களே, அதுதான் எங்களைக் கோபப்படுத்தியது என்ற கருத்தில் விளக்கம் சொன்னார். மேற்கில் பலர் தலையாட்டினார்கள். ஒரு தாய் கேட்டால் அந்தக் கேள்விக்கு முன்னால் நான் தலைகுனிந்து நிற்பேன். இரண்டு மாதத்துக்கு முன் யகாவ்லாங்கில் துவக்குத் தூக்கிய இயக்கத்தின் வாயில் அதுவே பொய். சொற்கள் ஒன்றுதான், சொல்பவர் யார் என்பதில் தங்கியிருக்கிறது. ஆகவே 'கல்லா மனிதனா' என்று யாராவது மேசையில் அடித்துக் கேட்டால், அவர் இரண்டில் எதைக் காப்பாற்றியவர் என்று முதலில் பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம். அனேகமாக இரண்டையும் அல்ல.

நான் வேலை செய்யும் றெஸ்ரோரன்டின் குசினியில் கோப்பை கழுவ ஒரு ஹசாரா இளைஞன் இரண்டு வருடம் இருந்தான். (நான் அந்த இடத்திலிருந்து சலாட் மேசைக்கு உயர்ந்திருந்தேன். பத்து வருடத்தில் இரண்டு மீற்றர்.) சிலை உடைந்தபோது அவனுக்கு நாலு வயது. இருவருக்கும் அரைகுறை ஜேர்மன். அவன் சொன்னதை என் தமிழில் எழுதினால் இப்படி வரும்: 'பாமியான் எண்டால் எல்லாரும் சிலையைக் கேட்கினம். எங்கட ஊர்க் கிழவியளுக்கு அது புத்தர் எண்டே தெரியாது. ஒண்டு சல்சால், மற்றது ஷாமாமா. ரெண்டு பேரும் காதலிச்சு, சேர முடியாமல் கல்லாப் போச்சினம்.'

இதை நான் பிறகு நெடுநாள் யோசித்தேன். பௌத்தர்கள் செய்த சிலை; அங்கே பௌத்தர்கள் இல்லாமற்போய்ப் பல நூற்றாண்டுகள். முஸ்லிம்களான ஹசாராக்கள் அதற்கு வேறு பெயர் வைத்து, வேறு கதை சொல்லி, தங்கள் குடும்பத்து ஆட்களாக்கி வைத்திருந்தார்கள். உடைந்தது எது? பௌத்தக் கலை என்று அருங்காட்சியகக்காரர் சொல்வார்கள். அவனுக்கு உடைந்தது பாட்டியின் கதை. கதை சொன்னவர்களையும் சிலையையும் ஒரே கைதான் உடைத்தது. அழிப்பவர்களுக்குக் கல் வேறு, மனிதன் வேறு என்ற குழப்பம் இருப்பதில்லை. தூரத்தில் நின்று பார்க்கிற எங்களுக்குத்தான் அது வருகிறது.

காபூல் அருங்காட்சியகத்தின் கதையும் இதற்குப் பொருந்தும். தொண்ணூறுகளின் சண்டையில் அங்கிருந்தவற்றில் ஏறத்தாழ 70 வீதம் கொள்ளை போனதாகச் சொல்வார்கள். ஆனால் 1978 இல் தில்லியா தெபேயில் அகழ்ந்தெடுத்த 20,000 க்கு மேற்பட்ட பொற்பொருட்கள் போகவில்லை. ஒரு சில ஊழியர்கள் அவற்றை அரண்மனை வளாகத்து நிலவறைக்குள் வைத்துவிட்டு, அரசு மாறி அரசு வந்தபோதும், வாய் திறக்காமல் இருந்தார்கள். 2003 இல்தான் அவை பத்திரமாக இருப்பது வெளியுலகுக்குத் தெரிந்தது. பல காலம் அவர்களுக்குச் சம்பளமும் ஒழுங்காகக் கிடைக்கவில்லை. வீட்டில் மாவில்லாத மனிதனுக்குத் தங்கம் இருக்குமிடம் தெரியும். அவன் அதைச் சொல்லவில்லை. 'கல்லா மனிதனா' என்ற கேள்வியை இவர்களிடம் கேட்டால் சிரிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இனி எங்கள் வீட்டுக்கு வருவோம். 1981 மே 31 இரவு தொடங்கி நடந்த பொலிஸ் வெறியாட்டத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. சுமார் 97,000 நூல்கள். 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. அமைச்சர்கள் இருவர் அப்போது யாழ்ப்பாணத்திலேயே இருந்தார்கள். தீயைப் பார்த்தபடியே தாவீது அடிகள் மாரடைப்பில் இறந்துபோனார். யாழ்ப்பாண வைபவமாலையின் ஒரேயொரு பிரதி எரிந்துவிட்டது என்று மேடைகளில் இன்னமும் சொல்கிறார்கள். அது தவறு, அந்நூல் எப்போதோ அச்சேறிவிட்டது, இன்றைக்கும் கிடைக்கிறது. எரிந்தது போதாதென்று நாங்கள் வேறு கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

நான் பிறந்தது எரிந்து ஏழு வருடத்துக்குப் பிறகு. நான் அறிந்த நூலகம் திருத்திக் கட்டிய, பளிச்சென்ற வெள்ளைக் கட்டடம். 2006 இல் பாதை பூட்டியிருந்த காலத்தில், உயர்தரப் பரீட்சைக்கு அங்கேதான் படித்தேன். அந்த மேசைகளில் யாரும் 'தம்பி எந்த ஊர், ஆற்றை பொடியன்' என்று கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்வி எதற்கென்று தெரிந்தவர்களுக்கு, அது கேட்கப்படாத இடத்தின் பெறுமதி தெரியும்.

அப்படித் திருத்தியது சரியா என்று ஒரு பெரிய விவாதம் நடந்தது. எரிந்த சுவர்களை அப்படியே நினைவுச்சின்னமாக விட்டு, புதியதை வேறிடத்தில் கட்ட வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். குற்றத்துக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்றார்கள். 2003 பெப்ரவரியில் நடக்கவிருந்த திறப்பு விழா புலிகளின் எதிர்ப்பால் நின்றது. திறந்துவைக்கவிருந்த மேயர் செல்லன் கந்தையன் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர் என்பதால்தான் தடுத்தார்கள் என்று சிலரும், இல்லை அது அரசியல் காரணம் என்று சிலரும் இன்றைக்கும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எந்தக் காரணமாயினும், நூலகத்தை எரித்ததைப் பற்றிப் பேசுகிற எல்லோரும் அதன் கதவைத் தமிழரே பூட்டியதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

பாமியானிலும் இதே விவாதம்தான். துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்துச் சிறிய புத்தரையாவது நிறுத்தலாம் என்று ஜேர்மன் நிபுணர்கள் முயன்றார்கள். கால்கள் இருந்த இடத்தில் தூண்கள் எழும்பியபோது யுனெஸ்கோ கண்டித்தது. 2015 இல் ஒரு சீனத் தம்பதியர் ஒளியால் அந்த வெறுங்குழியில் புத்தரை வரைந்து காட்டினார்கள். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார்கள். இலங்கையில் பாமியானுக்குப் பதிலாக என்று சொல்லி, குருநாகல் பக்கம் ரம்படகல்லவில் பெரிய கற்பாறையொன்றில் 67 அடிக்கு மேலான புத்தரைச் செதுக்கி 2015 இல் திறந்தார்கள். செதுக்கிய கைகள் தமிழ்நாட்டுச் சிற்பிகளுடையவை. பாமியானுக்குக் கலங்கிய இலங்கை அரசு 1981 க்காகக் கலங்க நெடுங்காலம் எடுத்தது.

என் கருத்து இதுதான்: நூலகம் புழங்குகிற பொருள். அதைக் கட்டாமல் விட்டிருந்தால் 2006 இல் நான் எங்கே படித்திருப்பேன்? எரிந்த சுவரைக் காட்டி ஒரு பிள்ளைக்குப் பௌதிகம் படிப்பிக்க முடியாது. சிலை வேறு. அதைத் திரும்பச் செய்தால் சல்சால் வரமாட்டான், சீமெந்துதான் வரும். அந்த இளைஞனின் கைத்தொலைபேசியில் இருந்தது வெறுங்குழியின் படம். சிலையின் படம் வேண்டாமா என்று கேட்டேன். 'அது நான் காணாதது' என்றான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பாதிப் பொய். 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். வடக்கு முழுவதிலுமிருந்து 70,000 பேர் வரை துரத்தப்பட்டார்கள். அவர்கள் பேசியது தமிழ். சோனகத் தெருவின் வீடுகள் ஓடும் யன்னலும் கழற்றப்பட்டு நின்றதை நான் சிறுவனாகப் பார்த்திருக்கிறேன். அது யாருடைய தெரு என்று வீட்டில் யாரும் சொல்லித்தரவில்லை. அங்கே புகை எழவில்லை, அதனால் படமும் இல்லை. ஒரு தெருவின் பேச்சும், கதையும், நோன்புக் கஞ்சியும், தையல் மெஷின் சத்தமும் லொறியில் ஏறிப் போயின. ஆட்களை வெளியே எடுத்துவிட்டால் பண்பாட்டை எரிக்க வேண்டிய தேவையே இல்லை. இதைச் செய்தது பொலிசும் அல்ல, தலிபானும் அல்ல.

2021 ஓகஸ்டில் தலிபான்கள் திரும்பி வந்தார்கள். இப்போது பாமியானின் வெறுங்குழியைப் பார்க்க நுழைவுச்சீட்டு விற்கிறார்கள். உடைத்தவர்களே காவலும் நிற்கிறார்கள், காசும் வாங்குகிறார்கள். அந்த இளைஞன் இப்போது வேறு நகரத்தில் ஒரு பேக்கரியில் இருக்கிறான். இதை அவனுக்கு அனுப்பினேன். 'எவ்வளவு காசு?' என்று மட்டும் கேட்டுப் பதில் போட்டிருந்தான்.

எங்கள் நகரத்தில் ஒவ்வொரு மே மாதமும் நூலக எரிப்பு நினைவாக ஒரு கூட்டம் நடக்கும். நூறு பேர் வருவார்கள், கவிதை வாசிப்பார்கள். ஒக்டோபர் 30 க்கு மண்டபம் எடுத்தவரை நான் காணவில்லை. இந்த வருடம் மே கூட்டத்தில் சோனகத் தெருவைப் பற்றியும் பேச வேண்டும் என்று ஒழுங்கமைப்பாளர்களிடம் கேட்டேன். அவர்கள் நீண்ட நேரம் தங்களுக்குள் கதைத்தார்கள். பத்து நிமிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், கடைசியில், சாப்பாட்டுக்கு முன்.