படிக்கட்டில் ஓர் அபயதானம்



இல்லறத்தார் செய்யத்தக்க தானங்கள் நான்கு என்பதை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். ஆகாரம், ஔடதம், சாஸ்திரம், அபயம் என்பன அவை. பசித்தார்க்கு உணவு படைக்கிறோம். நோயுற்றார்க்கு மருந்து உதவுகிறோம். அறநூல்களை அச்சிட்டு வழங்குகிறோம். நான்காவதாகிய அபயதானத்தை மட்டும், "நாம் எவ்வுயிரையும் கொல்வதில்லையே, அது போதாதா?" என்று எளிதாகக் கடந்து விடுகிறோம். அபயம் என்பது அச்சமின்மை. கொல்லாது விடுவது அத்தானத்தின் தொடக்கம். அவ்வுயிரின் உள்ளத்திலிருந்து அச்சத்தை அகற்றுவதே அதன் நிறைவு. இவ்வுண்மையை முதுமையில் எனக்குக் கற்பித்தவை ஒரு நாயும் ஒரு படிக்கட்டும் ஆகும்.

2019-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் என் மகள் இல்லத்தில் தங்கியிருந்தேன். அப்பொழுது அவர்கள் கிரேஹவுண்ட் இனத்து நாய் ஒன்றைத் தத்தெடுத்து வந்தனர். அண்டை மாநிலமாகிய புளோரிடாவில் பந்தயம் ஓடி ஓய்வு பெற்ற நாய் அது. வயது நான்கு.

"சமணர் வீட்டில் நாய் வளர்க்கலாமா?" என்று நானும் தயங்கினேன். வேட்டைக்கும் ஆதாயத்துக்கும் கொல்லும் விலங்குகளை வளர்ப்பது நம் நெறிக்கு ஆகாது. ஆனால் ஆதாயத்துக்காக வளர்க்கப்பட்டு, ஆதாயம் தீர்ந்ததும் போக்கிடம் அற்று நின்ற உயிருக்கு நிழல் தருவது கருணையன்றோ? என் மகள் கூறிய இம்மறுமொழிக்கு எதிர்மொழி என்னிடம் இல்லை.

அந்நாய்களின் வாழ்வைச் சற்று எண்ணிப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடவல்ல உடல். ஆயினும் நாளின் பெரும்பொழுது கூண்டுக்குள். இரு காதுகளிலும் அடையாள எண் பச்சை குத்தப்பட்டிருக்கும். வெளியே விட்டால், இயந்திரம் இழுத்துச் செல்லும் பொம்மை முயலின் பின்னே வட்டமிட்டு ஓட வேண்டும். அம்முயலோ ஒருநாளும் கைக்கு எட்டுவதில்லை. ஆசையின் பின்னே பிறவிதோறும் ஓடும் நம் நிலைக்கு இதனினும் பொருத்தமான உவமை வேறு வேண்டுமோ? அந்நாட்டில் அப்போதிருந்த 17 பந்தயத் திடல்களில் 11 புளோரிடாவிலேயே இருந்தன. 2018 நவம்பரில் அம்மாநில மக்களில் வாக்களித்தோர் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் இப்பந்தயத்தை ஒழிக்க இசைந்தனர். 2020-ஆம் ஆண்டு முடிவோடு அது அங்கே நின்றது. அறம் சொல்லும் மதம் எதுவாயினும் அச்செயல் அகிம்சையின் வெற்றியே.

எங்கள் வீட்டுக்கு வந்த நாய்க்கு எல்லாமே புதிது. கண்ணாடிக் கதவு புதிது. வழுக்கும் தரை புதிது. படிக்கட்டோ அது கண்டறியாத ஒன்று. சமதரையிலேயே வளர்ந்த கால்களுக்குப் பதினான்கு படிகள் ஒரு மலையாகத் தோன்றின. இரவில் நாங்கள் அனைவரும் மாடியில் உறங்கினோம். பல நாய்களின் நடுவே உறங்கிப் பழகிய அது, கீழே தனித்திருக்க மாட்டாமல் விடியும்வரை முனகியது.

மூன்றாம் நாள் பொறுமை இழந்தவன் நானே. "கயிற்றைப் பிடித்து இழுங்கள் மாப்பிள்ளை! ஒருமுறை ஏறிவிட்டால் பயம் தெளிந்துவிடும்" என்றேன். பெரியவர் சொல்லைத் தட்டமாட்டாமல் அவரும் இழுத்தார். நாய் நான்கு கால்களையும் அகல ஊன்றிக் கல்லாய் நின்றது, உடல் நடுங்கியது, நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டது. எங்களை அது பார்த்த பார்வையை இன்னும் நான் மறக்கவில்லை. அதன்பின் இரண்டு நாட்கள் அது படிக்கட்டு இருந்த பக்கமே வரவில்லை.

அன்று மாலை பிரதிக்கிரமணத்தில் அமர்ந்தபோது, அகிம்சா அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்கள் நினைவுக்கு வந்தன. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், அளவுக்கு மிஞ்சிய சுமை ஏற்றுதல், உணவையும் நீரையும் தடுத்தல் ஆகிய ஐந்தையும் இளமை முதல் ஓதி வந்தவன் நான். பந்தயக்காரர் குற்றத்தை அவற்றால் அளந்தேனே அன்றி, என் கைக்கயிற்றை அளக்கவில்லை. தாங்கொணாத அச்சமும் மிகு சுமையன்றோ? நன்மை செய்கிறேன் என்ற எண்ணத்தோடே அச்சுமையை ஏற்றிவிட்டேன்.

மறுவாரம் முதல் என் மகள் வேறு வழியை மேற்கொண்டாள். படிகளில் வழுக்காத கம்பள விரிப்பை ஒட்டினாள். கழுத்துப் பட்டையை விடுத்து, மார்பைச் சுற்றிய வாரை அணிவித்தாள். யாரும் அருகில் இல்லாத வேளையில் அது தானே ஏற முயன்று விழாதபடி, படிக்கட்டின் அடியிலும் உச்சியிலும் சிறு தடுப்புக் கதவுகள் அமைத்தாள். என் பேத்தி முதற்படியில் அமர்ந்து புத்தகம் படிப்பாள். அருகில் பாலாடைக்கட்டித் துண்டு ஒன்று இருக்கும். நாய் வந்தால் தின்னலாம்; வராவிட்டால் குற்றமில்லை. முதல் நாள் அது முகர்ந்துவிட்டுச் சென்றது. பின்னர் முன்காலை வைத்தது. அதன்பின் ஒருவர் பின்னே நின்று அதன் உடலைத் தாங்கி, ஒவ்வொரு காலாக எடுத்து அடுத்த படியில் வைத்துக் காட்டினோம். பின்னே ஆள் நிற்பது தள்ளுவதற்கன்று. "விழமாட்டாய்" என்று உணர்த்துவதற்கே. நாளுக்கு இரண்டு மூன்று முறை, சில நிமிடங்கள் மட்டும். அது சோர்வதற்குமுன் நாங்களே நிறுத்திவிடுவோம்.

ஏறுவதினும் இறங்குவதே அதற்குக் கடினமாயிற்று. உயரத்திலிருந்து நோக்கி அஞ்சிய நாய், படிகளை எல்லாம் ஒரே தாவலில் கடக்க முற்படும்; மெலிந்த நீண்ட கால்கள் முறிந்துவிடக்கூடும். ஆதலால் மேலிருந்து தொடங்காமல், அடியிலுள்ள இரண்டாம் படியில் தூக்கி நிறுத்தி அங்கிருந்து இறங்கப் பழக்கினோம். பின்னர் மூன்றாம் படி, நான்காம் படி. ஒருவர் முன்னே நின்று வேகத்தைத் தடுத்தார். இவ்வாறு பதினோராம் நாள் இரவு அது தானே ஏறி வந்து, பேத்தியின் கட்டிலருகே படுத்து உறங்கியது. அன்று முனகல் இல்லை.

இன்னொன்றும் கூறவேண்டும். நன்றாக ஏறிப் பழகிய நாய் பின்னொருநாள் திடீரென மறுக்குமாயின், அதைப் பிடிவாதம் என்று கொள்ளலாகாது. பந்தயத்தில் பட்ட பழங்காயமோ, பாதத்தில் கால் ஆணியோ, இடுப்பு வலியோ இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுவதே ஔடததானம்.

அன்பர்களே! ஆன்மா ஏறும் குணநிலைகளும் பதினான்கே என்பதை நீங்கள் அறிவீர்கள். மனமுடைய ஐம்பொறி விலங்கும் அவற்றில் ஐந்தாம் நிலைவரை ஏறவல்லது என்பது நம் ஆகமம். பதினோராம் நிலை எய்தியவரும் வழுக்கி வீழ்வர் என்பதும் ஆகமமே. அப்படிகளில் எந்தத் தீர்த்தங்கரரும் எவரையும் கயிறு கட்டி இழுத்ததில்லை. அவர்கள் ஏறிக் காட்டினார்கள், வழி சொன்னார்கள், ஏறுவதை நமக்கே விட்டார்கள். சிந்தாமணியில் சீவகன், அடியுண்டு உயிர்விடும் நாயின் செவியில் பஞ்ச நமஸ்காரத்தை ஓதினான். அதன் உடலைக் காக்க அவனால் இயலவில்லை. அச்சமின்றிச் செல்ல வழிகாட்ட இயன்றது. அந்நாயே சுதஞ்சணன் என்னும் தேவனாகி அவனுக்குத் துணை நின்றது. கடையுயிர் என்று நாம் ஒதுக்குவதில் எத்தகைய ஆன்மா உறைகிறதோ, யார் அறிவார்?

நம் இல்லங்களிலும் இத்தகைய படிகள் உண்டு. தசலட்சணப் பர்வத்தில் பிள்ளைகள் நோன்பிருக்கவில்லை என்று கடிந்துகொள்கிறோம். ஆலயப் படி ஏறவில்லை என்று கைபிடித்து இழுக்கிறோம். என் மகனை நான் அவ்வாறு இழுத்ததுண்டு. அவன் கால்களை ஊன்றிக்கொண்டு நின்றுவிட்டான். அவன் அருகே முதற்படியில் அமர்ந்திருக்க எனக்கு அன்று தெரியவில்லை. இந்தியா திரும்பியதும் அவன் வீட்டுக்குச் சென்று, எதுவும் வற்புறுத்தாமல் அவனோடு சில நாட்கள் இருந்து வந்தேன்.

அஞ்சும் உயிர் நாயாயினும், மூட்டு நோகும் முதியவராயினும், விரதத்தில் தளரும் இளைஞராயினும், கயிற்றைக் கீழே வையுங்கள். முதற்படியில் சற்று அமருங்கள். அதுவும் தானமே.

அறம் வளர்க! அகிம்சை வெல்க! ஜெய் ஜினேந்திரா!