ஆற்றல் யாருடையது?

1962இல் சித்திரக்கதையாகப் பிறந்த ஸ்பைடர்மேன், சாம் ரைமி இயக்கிய இரண்டாம் ஸ்பைடர்மேன் படத்தில் பெரும் எதிர்பார்ப்பை நிறைவேற்றியதோடு, மனம் தளர்ந்ததும் நாயகனை விட்டு நீங்கும் ஆற்றல் உண்மையில் யாருடையது என்ற சமய வினாவையும் எழுப்பினான். இவ்வினா இலங்கையின் அம்பாறைக் கரையிலுள்ள கல்முனைக்குப் புதிதன்று. கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளியில் ஆண்டுதோறும் கொடியேற்றி நினைவுகூரப்படும் நாகூர் ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ், ஓட்டை விழுந்த கப்பலைத் தொலைவிலிருந்து கண்ணாடி எறிந்து காத்தார் என்று வழங்கும் கதையை மரபறிஞர் 'கறாமத்' என்பர். நபிமாருக்குரிய 'முஃஜிஸாத்'திலிருந்து வேறான அது, இறைநேசர் வழியாக இறைவனே வெளிப்படுத்தும் அற்புதமாகும். கொடியேற்றத்தை ஏற்காத மௌலவிமாரும் இப்பகுதியில் உள்ளனர். ஆயினும், ஆற்றல் அல்லாஹ்வுடையதே என்பதில் இரு சாராருக்கும் வேறுபாடில்லை.

படத்தின் உச்சம் வெற்றியில் இல்லை. ஓடும் ரயிலை உடலால் நிறுத்தி மயங்கிச் சரியும் நாயகனைப் பயணிகள் தலைக்குமேல் ஏந்திச் செல்கையில், காப்பவனும் காக்கப்பட வேண்டியவனே என்பது புலனாகிறது. படம் வெளிவந்த அதே 2004இன் டிசம்பர் 26 அன்று, இலங்கையில் சுனாமி மிக அதிக உயிர்களைப் பறித்த இவ்வம்பாறைக் கரையில், இறந்தோரின் ஜனாஸாக்களைச் சுமந்தவை அயலவரின் வெறுங்கைகளே.