உலைக்கூடத்தின் கதவு

மனிதர் அன்றாடம் கையாளும் பொருள்களுள் பெரும்பாலானவற்றின் பிறப்பிடத்தை அவர்கள் ஒருமுறைகூடக் கண்டதில்லை என்பது தற்கால வாழ்க்கையின் இயல்பான நிலையாகிவிட்டது. அந்நிலை, பொருளைச் செய்வோருக்கும் அதைக் கொண்டு வாழ்வோருக்கும் இடையே எதை அறுத்துவிட்டது என்னும் கேள்வி ஸ்ரீமுஷ்ணம் போன்ற ஊருக்கு மிகவும் நெருக்கமானது. கடலூர் மாவட்டத்தின் இக்கோயில் ஊரிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய விருத்தாசலத்தில், செராமிக் பொருள்களுக்கென்றே அமைந்த தொழிற்பேட்டையும், அத்தொழில்நுட்பத்தைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் உள்ளன; கார்த்திகைக்கு ஏற்றும் அகலும், நவராத்திரிக் கொலுவில் அமரும் பொம்மையும், மின்கம்பியைத் தாங்கும் இன்சுலேட்டரும் அங்கே உருவாகின்றன. எனினும், அந்த அகலை ஆண்டுதோறும் துடைத்து ஏற்றும் வீடுகளில், களிக்குழம்பு அச்சில் ஊற்றப்படுவதையோ சூளை திறக்கப்படுவதையோ பார்த்தவர்கள் அரியர்.

இக்கேள்வியை எண்ணிப் பார்ப்பதற்கு, மேலைநாடுகளின் கண்ணாடி ஊதும் பட்டறைகள் சில கடைப்பிடிக்கும் ஒரு வழக்கம் துணைசெய்கிறது. ஆண்டில் ஏதேனும் ஒரு மாலை, பட்டறையின் கதவைத் திறந்துவைத்து, அக்கம்பக்கத்தார் யாவரும் கட்டணமின்றி உள்ளே வந்து, உலையருகே நின்று, கண்ணாடி உருவாவதைப் பார்க்கவும், விரும்பினால் ஊதுகுழலில் ஒருமுறை ஊதிப் பார்க்கவும் இடமளிப்பதே அவ்வழக்கம். இதனைத் திறந்த மாலை என்று அழைக்கலாம். வெறும் விளம்பரமாக இதைக் கருதி ஒதுக்குவோர் உண்டு. விற்பனைக்கும் இது உதவுகிறது என்பதை மறுக்க இயலாது. ஆனால் அம்மாலையில் நிகழ்வது விற்பனையோடு முடிந்துவிடுவதில்லை.

கண்ணாடி எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் விளக்குதல் வேண்டும். மணலின் முதன்மைக் கூறான சிலிக்கா ஏறத்தாழ 1700 பாகை செல்சியஸில்தான் உருகும். அதனோடு சோடா உப்பைச் சேர்த்தால் உருகுநிலை பெரிதும் தாழ்கிறது. சோடா மட்டும் சேர்ந்த கண்ணாடி நீரில் கரையக்கூடியது ஆதலால், அதை நிலைப்படுத்தச் சுண்ணாம்பும் சேர்க்கப்படுகிறது. இவ்வாறு உருகிய கலவை, ஏறத்தாழ 1100 பாகை வெப்பத்தில், பதம் வந்த வெல்லப்பாகுபோல் இழுத்த இழுப்புக்கு வரும் நிலையை அடையும்போது, கண்ணாடி ஊதுபவர் நீண்ட இரும்புக் குழலின் முனையில் அதைச் சுருட்டி எடுத்து, மறுமுனையில் வாய்வைத்து ஊதுகிறார். குழலைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கை நின்றால் கண்ணாடி ஒருபக்கமாகச் சரியும். வெப்பம் குறையக் குறைய அது இறுகுவதால், மீண்டும் மீண்டும் உலைவாயில் காட்டிச் சூடேற்ற வேண்டும். ஒருவர் ஊத, மற்றொருவர் உலைக்கதவைத் திறக்க, மூன்றாமவர் அடிப்பகுதியைத் தாங்கும் கம்பியை நீட்ட, பெரிய கலம் ஒன்று பலரது கைகளின் ஒத்திசைவில்தான் முழுமை பெறுகிறது. முடிந்த கலத்தை உடனே வெளியே வைத்தால், புறப்பரப்பு முந்திக் குளிர்ந்து உட்பகுதி பின்தங்குவதால் எழும் இறுக்கத்தில் அது வெடித்துவிடும். ஆகவே ஏறத்தாழ 500 பாகை வெப்பமுள்ள ஆற்றும் உலையில் வைத்து, பல மணி நேரம் மெல்ல மெல்லக் குளிரவிடுகின்றனர். திறந்த மாலைக்கு வந்து தன் மூச்சால் ஒரு குமிழை உருவாக்கிய சிறுமி, அதை அன்றே வீட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ திரும்பி வந்தே ஆகவேண்டும். காசு கொடுத்த கணமே பொருளைக் கையில் எதிர்பார்க்கும் பழக்கத்துக்கு, அந்தக் காத்திருப்பே முதற்பாடமாக அமைகிறது.

விருத்தாசலத்துக்கு இத்தொழில் அயலானதன்று. பீங்கான் கலத்தின்மேல் பளபளக்கும் மெருகுப் பூச்சு, தொழிலாளர்கள் கிளேஸ் என்றே அழைப்பது, வேதியியல்படி மெல்லிய கண்ணாடிப் படலமே ஆகும். சூளையின் வெப்பத்தில் சிலிக்கா உருகிக் களிமண்ணோடு ஒட்டிக்கொள்வதால் அது உருவாகிறது. அப்பகுதிக்குக் கண்ணாடியோடு உள்ள உறவு இன்னும் பழையது. புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேட்டில், 1945-இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வுக்குப் பின் உலகப் புகழ்பெற்ற அத்துறைமுகக் குடியிருப்பில், கண்ணாடி மணிகள் பெருமளவில் செய்யப்பட்டன. உருகிய கண்ணாடித் திரளின் நடுவே துளையிட்டு, அதை நீண்ட குழாயாக இழுத்து, குளிர்ந்தபின் சிறு துண்டுகளாக வெட்டி, மீண்டும் சூடேற்றி முனைகளை மழுங்கச் செய்யும் முறை அது. அம்முறையில் உருவான மணிகள் இந்தியப் பெருங்கடலின் கரைகளிலிருந்து பசிபிக் கரைகள்வரை கிடைப்பதால், ஆய்வாளர்கள் அவற்றை இந்தோ-பசிபிக் மணிகள் என வகைப்படுத்துகின்றனர். அதே முறையை ஆந்திரத்தின் பாப்பாநாயுடுபேட்டையில் உள்ள உலைகள் அண்மைக்காலம்வரை காத்துவந்தன. இந்த இழுப்பு முறையிலிருந்து வேறான, வாயால் ஊதிக் கலம் செய்யும் நுட்பமோ, கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலின் கீழைக் கரையில் தோன்றியது.

இத்தொழிலின் வரலாற்றில் கதவு மூடப்பட்ட காலம் நெடியது. வெனிஸ் குடியரசு 1291-இல் தன் கண்ணாடி உலைகளை நகரிலிருந்து அகற்றி முரானோ தீவுக்கு மாற்றியது. தீ விபத்தைத் தவிர்ப்பது அதற்குக் கூறப்பட்ட காரணம் எனினும், தொழில்நுட்பம் வெளியேறாமல் காப்பதற்கும் அத்தீவு உதவியது. அனுமதியின்றி நாட்டைவிட்டு நீங்கும் வினைஞர்களுக்குத் தண்டனைகளும் விதிக்கப்பட்டன. ஆனால் மூடிய கதவு முழுமையாகக் காக்கவில்லை. வினைஞர்கள் தப்பிச் சென்று ஐரோப்பாவின் பிற நகரங்களில் வெனிஸ் பாணிக் கலங்களைச் செய்தனர். 1612-இல் அந்தோனியோ நேரி என்னும் குரு, கண்ணாடிக் கலை பற்றிய தம் நூலைப் பிளாரன்ஸில் அச்சேற்றினார். அதன்பின்னும், ஆலைகள் பெருகிய 19, 20-ஆம் நூற்றாண்டுகளில், கண்ணாடி என்பது ஆலைக்குள், பெருங்குழுக்களால் மட்டுமே செய்யத்தக்கது என்னும் எண்ணமே நிலவியது.

அவ்வெண்ணத்தை உடைத்தவர் கண்ணாடி ஊதும் தொழிலாளி அல்லர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் மட்பாண்டக் கலை கற்பித்த ஹார்வி லிட்டில்டன் என்பவரே அவர். 1962 மார்ச்சில், அமெரிக்காவின் டொலிடோ கலை அருங்காட்சியக வளாகத்தில் இருந்த வண்டிக்கொட்டகை ஒன்றில், தனியொரு கலைஞர் சிறிய உலையில் கண்ணாடி செய்ய இயலுமா என்று காண ஒரு பயிலரங்கை அவர் நடத்தினார். முதலில் உருக்கிய கலவை பயன்படவில்லை. டொமினிக் லபினோ என்னும் ஆய்வாளர் வேறு கண்ணாடிக் குண்டுகளைக் கொடுத்து உலையைத் திருத்தியபின்னரே வேலை நடந்தது. அப்போதும், கூடியிருந்தோரில் எவருக்கும் ஊதும் கலை சரிவரக் கைவரவில்லை. பயிலரங்கு பொதுமக்களுக்கு அறிவிக்கப்பட்டிருந்ததால், என்ன நடக்கிறது என்று பார்க்க வந்தவர்களுள் ஹார்வி லீஃப்கிரீன் என்னும் முதியவரும் ஒருவர். அவ்வூரின் லிப்பி கண்ணாடி ஆலையில் ஊதுபவராக உழைத்து ஓய்வுபெற்ற அவர், கலைஞர்களும் ஆசிரியர்களும் தடுமாறிக்கொண்டிருந்த இடத்தில் குழலை வாங்கி, நெடுநேரம் செய்து காட்டினார். இன்று பல நாடுகளில் பரவியிருக்கும் தனிப்பட்டறைக் கண்ணாடி இயக்கத்தின் தொடக்கம் அந்தக் கொட்டகைதான் என வரலாறு எழுதுவோர் ஒப்புகின்றனர்.

கதவைத் திறத்தலின் உண்மையான பயன் இந்நிகழ்வில்தான் தெளிவாக வெளிப்படுகிறது. திறந்த மாலை என்றவுடன், அறிந்தவர் உள்ளே இருந்து அறியாதவருக்குக் காட்டுவது என்றே பொதுவாக எண்ணப்படுகிறது. டொலிடோவில் நடந்ததோ அதற்கு நேர்மாறானது. அறிவு வெளியே, ஓய்வூதியத்தில் வாழ்ந்த ஒரு தொழிலாளியின் கைகளில் இருந்தது. திறந்திருந்த கதவே அதை உள்ளே கொண்டுவந்தது.

இங்கே ஒரு தடையை நேர்மையோடு எதிர்கொள்ளுதல் கடமையாகும். தமிழ்நாட்டு ஊர்களில் குயவரின் சக்கரம் கதவுக்குப் பின்னால் இருந்ததில்லை. தெருவில் போவோர் யாவரும் பானை வனைவதைப் பார்த்தே வளர்ந்தனர். சூளையின் புகையை ஊரே கண்டது. ஆயினும் அப்பார்வை, வனைந்தவரின் கூலியை உயர்த்தவுமில்லை, சமூகத்தில் அவருக்கு உரிய மதிப்பை ஈட்டித் தரவுமில்லை. பார்த்தல் மட்டும் மரியாதையைப் பிறப்பிக்கும் என்றால், இந்நாட்டின் கைவினைஞர்களே உலகில் மிகவும் மதிக்கப்பட்டவர்களாக இருந்திருப்பர். பார்வை சில வேளைகளில் இழிவாகவும் மாறும்: உழைப்பவரைக் காட்சிப்பொருளாக்கி, படமெடுத்துக்கொண்டு, பெயரைக்கூடக் கேளாமல் விலகும் கூட்டம், கதவு மூடியிருந்த நிலையைவிடக் கூடுதலாகவே அவரைப் புண்படுத்துகிறது.

ஆனால் அதே தமிழ்நாட்டு மரபில் வேறொரு உறவும் இருந்திருக்கிறது. பாண்டி நாட்டிலும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பகுதிகளிலும் ஐயனாருக்குச் சுடுமண் குதிரைகளைச் செய்து வைக்கும் புரவியெடுப்பு விழாவில், ஊரார் முதலில் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளாரிடம் கொடுப்பர். பிடிமண் கொடுத்தல் எனப்படும் அச்சடங்குக்குப் பின்னரே குதிரை செய்யும் வேலை தொடங்கும். வேளார் என்போர் அங்கு மண்பாண்டம் வனையும் குடியினர். ஐயனார் கோயில்கள் பலவற்றில் பூசை செய்வோரும் அவர்களே. குதிரைகள் சுட்டு முடிந்ததும், அவை செய்யப்பட்ட இடத்திலிருந்தே ஊரார் தோளில் சுமந்து கோயிலுக்கு எடுத்துச் செல்வர். இங்கே ஊர் வெறுமனே பார்க்கவில்லை. தொடக்கத்தில் மண்ணைக் கொடுத்தது, முடிவில் பாரத்தைச் சுமந்தது, இடையில் செய்பவரின் நுட்பத்துக்குத் தலைவணங்கிக் காத்திருந்தது. சடங்கின் எல்லைக்குள் கிடைத்த அந்த மதிப்பு, சாதி அடுக்கை மாற்றிவிட்டது என்று கூறுவது மிகையாகும். ஆயினும், செய்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே விலை மட்டுமே நிற்காத ஓர் ஏற்பாட்டை இந்நிலம் அறிந்திருந்தது என்பதற்கு அது சான்று.

எனவே, திறந்த மாலையின் தகுதியை அளப்பதற்குரிய அளவுகோல், எத்தனை பேர் வந்து பார்த்தனர் என்பதன்று. வந்தவரிடம் ஏதேனும் கேட்கப்பட்டதா என்பதே. குழலில் ஊதச் சொல்வது ஒரு கேட்டல். சுழற்றும் கையை நிறுத்தாமல் இரு என்பது மற்றொரு கேட்டல். ஊதியவரின் குமிழ் ஒருபக்கம் மெலிந்து உடையும்போது, அருகில் நிற்கும் தொழிலாளி அதே வேலையை எளிதாகச் செய்துகாட்டுகையில், வந்தவர் தம் உடலாலேயே அத்திறனின் அளவை அறிகிறார். எந்த விளக்கவுரையாலும் அவ்வறிவைத் தர முடியாது. தோல்வி வெளிப்படையாக நிகழ்வதும் இங்கு இன்றியமையாதது. கடையில் அடுக்கப்பட்ட கலங்களில் உடைந்தவை இல்லை ஆதலால், ஒவ்வொன்றின் பின்னாலும் எத்தனை உடைந்தன என்பது வாங்குவோருக்குத் தெரிவதில்லை. பேரம் பேசும் நாவு அந்த அறியாமையிலிருந்துதான் துணிவு பெறுகிறது.

திறந்த கதவுக்குச் சாட்சி என்னும் பொருளும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் பிரோசாபாத், வளையலுக்கும் கண்ணாடிப் பொருளுக்கும் புகழ்பெற்றதைப் போலவே, உலைக்கு முன் உழைத்த சிறுவர்களுக்காகவும் நெடுங்காலம் பேசப்பட்ட ஊர். அக்கம்பக்கத்தார் இயல்பாக உள்ளே வந்துபோகும் கூடத்தில் அத்தகைய கொடுமையை நெடுநாள் மறைத்தல் கடினம். களிமண் பொருள் செய்யும் கூடங்களிலும் சிலிக்காத் தூசியால் நுரையீரல் கெடும் நோய் உலகெங்கும் அறியப்பட்ட ஒன்று. முகக்கவசம் இருக்கிறதா, காற்றோட்டம் இருக்கிறதா என்பதை, அகல் வாங்கும் குடும்பங்கள் கண்ணால் காண்பது சட்டத்தின் கண்காணிப்புக்கு மாற்றாகாது எனினும், அதற்கு வலுவூட்டும்.

ஸ்ரீமுஷ்ணத்தார்க்கு வெளியே வருதலின் பொருளைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. நிலமகளைக் கடலடியிலிருந்து மீட்டெடுத்தவராகப் போற்றப்படும் பூவராகப் பெருமாள், மாசி மகத்தை ஒட்டித் தம் கோயிலைவிட்டுப் புறப்பட்டுக் கிள்ளைக் கடற்கரைவரை செல்கிறார். வழியில் தைக்காலில் இஸ்லாமியர்கள் அவரை வரவேற்றுச் சிறப்புச் செய்யும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. கருவறைக்குள் வர இயலாதோரிடம் தெய்வமே செல்வதையும், சென்ற இடத்தில் அவர்கள் கொடுப்பதைப் பெற்றுக்கொள்வதையும் ஒழுங்காகக் கொண்ட ஊர் அது. தொழிற்கூடம் கோயிலன்று, எனினும், வந்தவரிடமிருந்து பெறுவதற்கும் ஆயத்தமாக இருப்பதே உண்மையான திறப்பு என்பதை அவ்வூர் நன்கு அறியும்.

விருத்தாசலத்துச் செராமிக் கூடங்கள் ஆண்டுக்கு ஒரு மாலையேனும் இவ்வாறு திறக்கப்பட வேண்டும். அகல் வேலை மும்முரமாக நடக்கும் கார்த்திகைக்கு முந்தைய வாரங்கள் அதற்கு ஏற்ற காலம். அச்சில் களிக்குழம்பை ஊற்றவும், ஈரமான அகலின் விளிம்பைச் சீர்செய்யவும், பூச்சில் தோய்த்தெடுக்கவும் வருவோருக்கு இடம் தரலாம். சுட்டபின் தத்தம் அகலைப் பெற்றுக்கொள்ள அவர்கள் மறுவாரம் திரும்பி வரட்டும். சூளையருகில் வாழ்நாளைக் கழித்து ஓய்வுபெற்றவர்களை முறையாக அழைத்து, நாற்காலியில் அமர்த்தி மாலையிடுவதோடு நில்லாமல், வேலையையே அவர்கள் கையில் கொடுக்க வேண்டும். அன்றைய கூலியும் அவர்களுக்கு வழங்கப்பட வேண்டும். இதற்குப் பெருஞ்செலவோ புதிய கட்டடமோ தேவையில்லை. ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம் வட்டாரப் பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் செராமிக் பயிலகத்துக்கும் தொழிற்பேட்டையின் உற்பத்தியாளர்களுக்கும் இவ்வாண்டே வேண்டுகோள் கடிதம் எழுதட்டும். பெற்றோர்கள் அக்கடிதத்தில் தம் கையொப்பத்தையும் சேர்க்கட்டும்.