நம்பிக்கை கூலியாகுமா?

"பின்னால் நல்ல பலன் உண்டு, இப்போது கொடுப்பதைப் பெற்றுக்கொண்டு உழை" என்று சொல்லி ஒருவனை வேலைக்கு வைப்பது வாணிப உலகில் புதிதன்று. அவ்விதம் சேர்ந்தவன் தவணை முடியுமுன் விலகினால், "நன்றி கெட்டவன்" என்று பெயர் சூட்டுகிறோம். இப்பெயர் நியாயமானதுதானா? தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் கடை நடத்தும் நம்மவர்கள் ஆற அமரச் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

கடல் கடந்த ஓர் உதாரணத்தை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு பந்தாட்டம் உண்டு. கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு என்று சொல்லலாம். 2008-ல் அந்நாட்டு ஏஜெண்டு ஒருவர் இந்தியாவில் போட்டி நடத்தி, வேகமாகப் பந்து எறியும் வாலிபர்களைத் தேடினார். உத்தரப் பிரதேசத்துக் கிராமத்தவர்களான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் ஆகிய இருவரும் தேறினர். இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். அவ்வருடம் நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரட்ஸ் கழகம் அவர்களை ஒப்பந்தம் செய்துகொண்டது. இக்கதை 2014-ல் 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற படமாக வந்தது. அதற்கு இசையமைத்தவர் நமது ஏ. ஆர். ரஹ்மான்.

படம் ஒப்பந்தத்தோடு முடிகிறது. கணக்கோ அங்கேதான் ஆரம்பிக்கிறது. அவர்கள் சேர்ந்தது மைனர் லீக் எனப்படும் கீழ்ப் பிரிவில். மேல் பிரிவில் ஆடுவோர் லட்சக்கணக்கான டாலர் ஈட்டுவர். கீழே இருப்போரில் மிகச் சிலரே அங்கு ஏறுவர். கீழ்ப் பிரிவின் 'ஏ' வகுப்பில் குறைந்தபட்ச வாரச் சம்பளம் 2020 வரை 290 டாலர். 2021-ல் 500 ஆயிற்று. அதுவும் ஆட்டம் நடைபெறும் மாதங்களுக்கு மட்டுந்தான். மற்ற மாதங்களில் வேறு வேலை தேடிப் பிழைத்தவர் பலர். ஒப்பந்தமோ அக்காலத்தில் ஏழு பருவம் வரை கழகத்தின் கைவசம் இருந்தது. வேறொரு கழகம் கூடுதலாகத் தருகிறேன் என்று அழைத்தாலும் போக இயலாது. கழகம் மட்டும் எந்நாளும் "போய் வா" என்று அனுப்பிவிடலாம். 2010-ன் இறுதியில் தினேஷ் பட்டேலை அவ்விதமே விடுவித்தனர். அவர் ஊர் திரும்பினார். ரிங்கு சிங் காயங்களோடு பல வருடம் நீடித்தார். மேல் பிரிவை எட்டாமலேயே விலகி, 2018-ல் மல்யுத்தத் தொழிலில் சேர்ந்தார்.

இந்தத் தராசைக் கவனியுங்கள். ஒரு தட்டில் இருப்பவருக்கு வேண்டும்போது கைகழுவும் உரிமை. மறு தட்டில் இருப்பவனுக்குப் பல பருவக் கட்டு. இந்நிலையில் அவன் பாதியில் மட்டையைக் கீழே வைத்துவிட்டு வேறு பிழைப்பைத் தேடினால், அவனை வாக்குத் தவறியவன் என்று எவ்வாறு சொல்வது? வாக்கு இருவரையும் கட்டினால்தான் அது வாக்கு.

அங்கும் நியாயம் வழக்குமன்றம் ஏறியது. 2014-ல் ஆட்டக்காரர்கள் கூலி வழக்குத் தொடுத்தனர். 2022-ல் 18 கோடியே 50 லட்சம் டாலருக்கு அது சமாதானமாயிற்று. 2023-ல் அவர்களுடைய சங்கம் முதல் ஒப்பந்தத்தைக் கண்டது. 'ஏ' வகுப்பில் வருடத்திற்குச் சுமார் 11,000 டாலராக இருந்த குறைந்தபட்சச் சம்பளம் 26,200 ஆயிற்று. அதனால் ஆட்டம் நின்றுவிடவில்லை.

நமது மலைக்கு வருவோம். மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறைக்கு ஆள் எடுப்பது 1910-ல் நிறுத்தப்பட்டது. அம்முறையில் தவணைக்கு முன் ஓடியவனுக்குச் சிறை. 1929-ல் ரஸ்ஸல் என்பவர் போ தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்த காலத்தில் கங்காணி முறை நடந்தது. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து விலகலாம் என்று சட்டம் சொன்னது. ஆனால் லயத்து வீடு தோட்டத்துடையது. வேலையை விட்டால் கூரையையும் விடவேண்டும். சட்டம் திறந்த கதவை லயம் அடைத்தது. இன்று இத்தோட்டங்களில் வங்காளதேசத்தவரும் நேபாளத்தவரும் இந்தோனேசியரும் பலராக உழைக்கின்றனர். அவர்களுடைய பெர்மிட்டு ஒரு முதலாளியின் பெயரோடு கட்டுண்டது. கூலி போதாதென்று அடுத்த தோட்டத்திற்குத் தாமாக மாறிக்கொள்ள வழியில்லை.

இனி நம் கடைக்குள் பார்ப்போம். ஊரிலிருந்து ஒரு பையன் வருகிறான். "நான்கு வருடம் இரு, பிறகு பங்கு பார்க்கலாம்" என்கிறோம். எத்தனை பங்கு, எந்தத் தேதியில் என்பது சிட்டையில் ஏறுவதில்லை. மூன்றாம் வருடம் அவன் எதிர்க்கடைக்குப் போனால் மனம் கொதிக்கிறது. "பயணச் செலவு செய்தேன், தொழில் கற்றுக் கொடுத்தேன், சோறு போட்டேன்" என்று முதலாளி கேட்பதிலும் நியாயம் உண்டு. செய்த செலவு செலவுதான், அதை மறுப்பதற்கில்லை. அப்படியானால் அதைப் பையனின் பற்றில் முதல் நாளே அவனறிய எழுதி, மாதந்தோறும் கழித்து, தீரும் நாளையும் சொல்லிவிட வேண்டும். எழுதிய கடன் என்றாவது தீரும். எழுதாத நன்றிக் கடனுக்குத் தீர்வு நாளே கிடையாது.

விலகுவோனுக்கும் கடமைகள் உண்டு. முன்கூட்டிச் சொல்லவேண்டும். கைப்பொறுப்பில் உள்ள சரக்கையும் ரொக்கத்தையும் கணக்கோடு ஒப்படைக்க வேண்டும். வாங்கிய முன்பணத்தைத் தீர்க்கவேண்டும். இவற்றைச் செய்துவிட்டுப் போகிறவன் எத்தனை சீக்கிரம் போனாலும் நாணயமானவனே.

கூலியைத் தாமதியாமல் கொடுக்கவேண்டும் என்று நம் மார்க்கம் வற்புறுத்துகிறது. நாளைய பங்கைக் காட்டி இன்றைய கூலியைக் குறைப்பதும் ஒருவகைத் தாமதமே. நம்பிக்கை நல்ல பொருள்தான். கூலியின் மேல் அதையும் சேர்த்துக் கொடுங்கள். கூலியின் இடத்தில் அதை வைக்காதீர்கள். இவ்வருட ஐந்தொகை போடும்போது, நம் சிப்பந்திகளுக்கு வாயால் சொன்ன வாக்குகளையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பார்ப்போம். நாம் கொடுக்கவேண்டிய பாக்கி எவ்வளவு என்பது அப்போது தெரியும்.