எந்தக் காரைப் பிரிப்பது?

இங்கிலாந்தில் வீட்டு கராஜில் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டுகிற ஒரு கூட்டம் உண்டு. கட்டுவதற்கு முன் அவர்கள் ஒரு முழுக் காரை வாங்குகிறார்கள், பிரிப்பதற்காக. இன்ஜின், கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல், பிரேக், ஸ்டீயரிங், வயரிங் என்று வேண்டியதையெல்லாம் கழற்றி, இரும்புக் குழாய்களை வெல்டு செய்த புதுச் சட்டத்தில் பொருத்துவார்கள். மிஞ்சும் கூடு காயலான் கடைக்குப் போகும். இப்படிப் பிரிபடும் காருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'டோனர் கார்'.

டோனர் என்றால் கொடையாளி. இந்தச் சொல் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. கார் எதையும் கொடுப்பதில்லை, அதிடமிருந்து எடுக்கிறோம். நமக்குத் தெரிந்த மிகப் பழைய வாகனக் கொடை பாரியுடையது. முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பாரி. அந்தத் தேரை யாரும் வள்ளல் என்று பாடவில்லை. பாரி செய்ததற்கும்கூட நம் ஆட்கள் 'கொடைமடம்' என்று ஒரு அழகான பெயர் வைத்திருக்கிறார்கள், பாராட்டும் கிண்டலும் கலந்து. ஓடுகிற ஒன்றை, நமக்கு அதைவிடப் பிடித்த இன்னொன்றுக்காகக் கலைக்கலாமா என்ற கேள்வி அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது.

இந்தக் கூட்டத்துக்குக் குலதெய்வம் லோட்டஸ் செவன். 1957-இல் காலின் சாப்மன் கொண்டுவந்த, கதவுகூட இல்லாத, இறகு மாதிரியான கார். பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அன்றைய கொள்முதல் வரி கிடையாது என்பதால் பலர் அப்படித்தான் வாங்கினார்கள். பிறகு 1996-இல் ரான் சாம்பியன் என்பவர் 250 பவுண்டில் சொந்தமாக ஸ்போர்ட்ஸ் கார் கட்டுவது எப்படி என்று ஒரு புத்தகம் எழுதினார். அந்த வகைக் கார்களுக்கு 'லோகாஸ்ட்' என்றே பெயர் வந்துவிட்டது. அவர் கைகாட்டிய டோனர், ஃபோர்டு எஸ்கார்ட். இன்ஜின் முன்னால், இழுவை பின் சக்கரத்தில். செவனின் அமைப்பும் அதேதான். 1980-இல் வந்த மூன்றாம் தலைமுறை எஸ்கார்ட் முன்சக்கர இழுவைக்கு மாறிவிட்டதால், பழையவற்றைத்தான் தேட வேண்டியிருந்தது. அப்போது அவை கேட்பாரற்றுக் கிடந்தன. துருப்பிடித்த ஒரு எஸ்கார்ட்டைப் பிரித்தவனை யாரும் ஏன் என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

இன்று துருவில்லாத ஒரு இரண்டாம் தலைமுறை எஸ்கார்ட்டை எவனாவது லோகாஸ்ட்டுக்காக அறுத்தால் பழைய கார் பிரியர்கள் அவனைப் பிய்த்து எடுத்துவிடுவார்கள். ராலி ரசிகர்கள் அதை ஆயிரக்கணக்கான பவுண்டு கொடுத்து வாங்குகிறார்கள். அதே தகரம், அதே ஸ்பேனர், அதே செயல். நடுவில் முப்பது வருஷம் போயிருக்கிறது, எண்ணிக்கை குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்று பிரித்தவர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே குற்றமற்றவர்கள். துரு, ரேஸ், காயலான் கடை, இவர்கள் என எல்லாரும் சேர்ந்துதான் அந்தக் காரை அபூர்வமாக்கினார்கள்.

எஸ்கார்ட் இருந்த இடத்தில் இப்போது மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. 1989-இல் வந்தது, பத்து லட்சத்துக்கும் மேல் தயாரித்துவிட்டார்கள். அதுவே ஒரு சின்ன ஸ்போர்ட்ஸ் கார் என்பதுதான் வேடிக்கை. ஒரு ஸ்போர்ட்ஸ் காரைக் கொன்று இன்னொரு ஸ்போர்ட்ஸ் கார்!

பிரிப்பதற்கு எப்படிப்பட்ட காரை வாங்குவது? தெரிந்தவர்கள் சொல்லும் அறிவுரையில் ஒரு சங்கடம் ஒளிந்திருக்கிறது. பாகங்களைத் தனித்தனியாக வாங்காதே, முழுக் காராக வாங்கு என்பார்கள். ஒவ்வொரு போல்ட்டும் பிராக்கெட்டும் சென்சாரும் ஒரே வண்டியிலிருந்து வரும். சாவி, இம்மொபிலைசர், இன்ஜின் கம்ப்யூட்டர் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்தும். அடுத்த அறிவுரை, ஓடுகிற காராக வாங்கு. ஓட்டிப் பார்த்தால்தான் கியர் பாக்ஸ் முனகுகிறதா, டிஃபரன்ஷியல் ஊளையிடுகிறதா என்று தெரியும். ஆக, ஒரு கார் எவ்வளவு நன்றாக வாழ்கிறதோ அவ்வளவுக்கு அது நல்ல டோனர்.

மருத்துவத்தில் இதற்கு நேர்மாறாக ஒரு கோடு உண்டு. உயிர்காக்கும் உறுப்பை இறந்தவரிடமிருந்துதான் எடுக்கலாம், எடுப்பதற்காக ஒருவரைச் சாகடிக்கக் கூடாது. காருக்கும் அப்படி ஒரு மரணம் இருக்கிறதா? பிரிட்டனில் ஏறக்குறைய இருக்கிறது. விபத்தில் சிக்கிய கார்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் 2017 அக்டோபரிலிருந்து ஏ, பி, எஸ், என் என்று வகை பிரிக்கின்றன. 'ஏ' என்றால் பாகங்களோடு சேர்த்து நசுக்க வேண்டும். 'பி' என்றால் உடல் மறுபடி சாலைக்கு வரக்கூடாது, பாகங்களை எடுத்துக்கொள்ளலாம். இந்த 'பி'யை நான் மூளைச்சாவு என்றே வாசிக்கிறேன்.

ஆனால் பெரும்பாலான எம்எக்ஸ்-5கள் விபத்தில் சாவதில்லை. குளிர்காலத்தில் சாலையில் கொட்டும் உப்பு, கதவுக்குக் கீழே இருக்கும் சில் பகுதியையும் பின்சக்கர வளைவையும் அரித்துவிடுகிறது. எம்.ஓ.டி. என்னும் வருடாந்திரச் சோதனையில் வண்டி தோற்கும். வெல்டிங் செலவு காரின் விலையைத் தாண்டும். உடனே 'இது செத்துப்போச்சு' என்று சொல்லிவிடுகிறோம். இன்ஜின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே! அதே அளவு துரு ஒரு எஸ்கார்ட்டில் இருந்தால் யாராவது ஆறு மாதம் உட்கார்ந்து தகரம் வெட்டி ஒட்டியிருப்பார்கள். மரணத்தை அறிவிப்பது துரு இல்லை, சந்தை விலை.

இங்கிலாந்தில் வேலை பார்க்கும் என் காலேஜ் நண்பன் போன வருஷம் இந்தக் குழப்பத்தில் மாட்டினான். அவன் முன்னால் 2 எம்எக்ஸ்-5கள். ஒன்று இரண்டாம் தலைமுறை, சில் பகுதி அப்பளமாக நொறுங்கி எம்.ஓ.டி. தோற்றது, சர்வீஸ் விவரம் எதுவும் கிடையாது. இன்னொன்று முதல் தலைமுறை, லைட் எழும்பி வரும் வகை, ஒவ்வொரு ஆயில் மாற்றத்துக்கும் ரசீது வைத்திருக்கும் ஒரு வயதான பெண்மணியுடையது. மூட்டுவலியால் இனி அவரால் தாழ்ந்த சீட்டில் ஏறி இறங்க முடியாது. விலையை நன்றாகவே குறைத்துச் சொல்லிவிட்டு, இதை நன்றாகப் பார்த்துக்கொள்வாய்தானே என்று கேட்டிருக்கிறார்.

"என்ன மச்சான் சொல்றது? காசு குடுத்தா வண்டி என்னுது. அப்புறம் நான் ஓட்டுனா என்ன, ஒடைச்சா என்ன?" என்றான் போனில்.

சட்டப்படி அவன் சொன்னது சரி. 'வெறும் இரும்புடா' என்பதும் ஓரளவு சரிதான். காருக்கு வலிக்காது, காருக்கு யாரும் துரோகம் செய்ய முடியாது. ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டது கார் இல்லையே. அந்தம்மா விலையைக் குறைத்தது வண்டி ஓடிக்கொண்டிருக்கும் என்ற நம்பிக்கைக்காக. தலையாட்டிவிட்டு வாங்கி வந்து பிரித்தால், அவன் அந்தத் தள்ளுபடியைத் திருடியவன் ஆவான். எனக்கு இதில் சந்தேகமே இல்லை. 'நான் வாங்காவிட்டால் வேறொருவன் வாங்கிப் பிரிப்பான்' என்ற வாதம் எல்லாத் தவறுக்கும் பொருந்துகிறது, அதனால்தான் அதை நான் எதற்கும் ஏற்பதில்லை.

"உண்மையைச் சொல்லிடுடா," என்றேன். சொன்னான். அவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, பிரிப்பதானால் பிரித்துக்கொள், ஆனால் முழு விலை கொடு என்றாராம். கண்கலங்குவார், கோபப்படுவார் என்று எதிர்பார்த்தவனுக்கு இது பெரிய அதிர்ச்சி. எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது. வாக்குறுதிக்கு என்ன மதிப்பென்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது.

நண்பன் துருப்பிடித்ததை வாங்கினான். கம்ப்ரெஷன் டெஸ்ட்டில் ஒரு சிலிண்டர் பலவீனம் என்று தெரிந்து, ஹெட்டைக் கழற்றி வேலை பார்க்க வேண்டியதாயிற்று. அந்தச் செலவைச் சேர்த்தால் அம்மாவின் காரையே முழு விலைக்கு வாங்கியிருக்கலாம் என்று இன்னமும் என்னைத் திட்டுகிறான். திட்டட்டும். முழு விலைக்கு வாங்கிப் பிரித்திருந்தால் அது திருட்டாகியிருக்காது, அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் எஸ்கார்ட் கதை எனக்கு இடிக்கிறது. முதல் தலைமுறை எம்எக்ஸ்-5 இப்போது அந்த விளிம்பில்தான் நிற்கிறது. ரசீதோடு நிற்கும் ஒன்றைக் கலைப்பதற்கு, காசைத் தவிர வேறொரு காரணமும் வேண்டும் என்று நினைக்கிறேன்.

பிரித்த வண்டி முழுக்கக் காணாமலும் போய்விடவில்லை. பிரிட்டிஷ் பதிவு விதிப்படி, கிட் கம்பெனியின் புதுச் சட்டத்தில் பழைய காரின் 2 முக்கிய பாகங்கள் இருப்பதை நிரூபித்தால் பழைய காரின் வயதை ஒட்டிய எண் கிடைக்கும். நண்பன் இப்போது அதற்கான போட்டோக்களையும் ரசீதுகளையும் சேர்த்துவைக்கிறான். தனக்கு வேண்டாத கதவு, சீட், துணிக் கூரை, கண்ணாடி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விற்றுவிட்டான். வாங்கியவர்கள் எல்லாருமே எம்எக்ஸ்-5 வைத்திருப்பவர்கள். இடது கதவை வாங்க ஒருவர் மூன்று மணி நேரம் கார் ஓட்டி வந்தாராம். அவருடைய கதவை யாரோ பார்க்கிங்கில் இடித்து நசுக்கிவிட்டார்கள்; புதுக் கதவின் விலையைக் கேட்டுவிட்டு, வண்டியையே காயலான் கடைக்குப் போட இருந்தவர் அவர்.